நைட்டிக்காரி

“ஏ நைட்டிக்காரி, அப்படியே நில்லு.”

யுவராணி கேட்டுக்குள் வைத்த காலோடு நின்றாள். இந்தக் குரலுக்குப் பயந்துதான் வாராவாரம் கேட்டை ஓசைப்படாமல் திறந்து வருவாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள்.

வேம்புலியம்மாள் படியை விட்டு எழுந்து வந்து கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மண்ணூர்பேட்டையில் நாலு குடித்தனம் வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா. வாய் என்றால் அப்படி ஒரு வாய். மோட்டார் போட்டால் திட்டு, விருந்தாளி வந்தால் திட்டு, கொடியில் துணி கூடுதலாகத் தொங்கினாலும் திட்டு.

“இன்னா, நிஷா ஊட்டுக்கா?”

“ஆமாம்மா. புது டிசைன் வந்திருக்கு, காட்டலாம்னு...”



யுவராணி நைட்டி விற்பவளே அல்ல. வீடு வீடாகப் போய் டி.பி. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வரும் சுகாதார ஊழியர்.

போன வருஷம் காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு யூனிஃபார்மோடு போனாள். யாருக்கு என்ன வியாதி என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது. வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தைச் சட்டி சாமானோடு வெளியே அனுப்பிவிட்டார். எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாத்திரை பாதியில் நின்றது. அந்த மனுஷன் பிழைக்கவில்லை என்ற சேதி மட்டும் பிறகு வந்தது.

அதிலிருந்து யூனிஃபார்ம் பீரோவில் கிடக்கிறது. கட்டைப்பையில் மேலே இரண்டு நைட்டி, அடியில் மாத்திரை.

இந்த வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவள் நிஷா. போன வாரம் அழுதாள்.

“அக்கா, ஹவுஸ் ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன். நான் பொது பாத்ரூம்லேருந்து வெளியே வந்தா போதும், பக்கெட்டைத் தூக்கிக்கினு பின்னாடியே போய் கழுவி வுடறாங்க. வேற யாரு போனாலும் அப்படிச் செய்யறதில்ல. நான் என்னக்கா, அவ்ளோ அசிங்கமா? ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயமா கீது.”

அன்றைக்கு யுவராணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நிஷா ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லை. சளி டெஸ்ட்டும் சுத்தம். இனி அவளிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் பக்கெட்டும் கையுமாக அலைகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லப் போனால் வியாதியை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது அந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிச்சம்.

“எங்கே, எனுக்கும் ஒண்ணு காட்டு.”

“உங்க சைஸ் இல்லம்மா. அடுத்த வாரம் கொண்டாறேன்.”

“எப்பப் பாத்தாலும் அட்த்த வாரம்தான். கொண்டா பைய.”

பிடுங்காத குறையாக வாங்கினாள் வேம்புலியம்மாள். நீலப்பூ போட்ட நைட்டி வெளியே வந்தது. பிறகு மஞ்சள். கை அதற்கும் அடியில் போனது.

மாத்திரை அட்டை சரசரத்தது.

சாயங்காலத்துக்குள் நிஷாவின் சாமான் தெருவுக்கு வந்துவிடும். மருந்து முடிய இன்னும் இரண்டு மாசம் பாக்கி. காட்டுப்பாக்கத்துக் கதைதான் மறுபடியும்.

“அம்மா, அது என்னோடது,” என்றாள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. “எனக்குத்தான் வியாதி. நிஷாவுக்கு ஒண்ணும் இல்லம்மா.”

வேம்புலியம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். யுவராணியின் முகத்தையும் பார்த்தாள். பிறகு அட்டையைப் பையின் அடியில் வைத்து, அதன்மேல் நைட்டிகளைப் பொறுமையாக மடித்து வைத்தாள்.

“சும்மா கெட. அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொன்னா பயந்து ஓடிடுவா. நீயே சொல்லு.”

“என்னம்மா?”

“பாத்ரூம் போனா நல்லா தண்ணி ஊத்தச் சொல்லு. இந்த மாத்திரைக்கு ஆரஞ்சு கலர்லதான் ஒண்ணுக்குப் போவும். மத்த குடித்தனக்காரிங்க பாத்தா இன்னா ஏதுன்னு நோண்டுவாளுங்க. அவளுங்க பாக்கறதுக்கு முன்னாடி நானும் எத்தினி நாளைக்குத்தான் ஓடி ஓடிக் கழுவி வுடறது? முட்டி வலி உயிர் போவுது.”

அந்தப் பக்கெட்டுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று யுவராணிக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆரஞ்சு நிறத்தைப் பற்றி மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம்தான் முதல் நாளே சொல்லி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

“உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்...”

வேம்புலியம்மாள் ஒவ்வொரு குடித்தனத்தின் வாசலையும் ஒரு தரம் நோட்டம் விட்டாள். பையை யுவராணியின் கையில் திணித்தாள். குரல் இறங்கியது.

“வேஷம் போட்டா ஒயுங்கா போட வேணாமா? வந்த நாள்லேருந்து அதே ரெண்டு நைட்டியத் தூக்கிக்கினு வர்றே. எனுக்கு மாத்திரை கொண்டாந்தவ வளையக்காரியா வருவா. வாராவாரம் புது வளையல் கொண்டாருவா.”