வாங்கியதில் தேறியது

அடுத்து அவள் முறை.

ஆசிரியைகள் அறையில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு இது நடக்கும். ஆன்லைனில் யார் என்ன வாங்கினார்கள், போட்ட காசுக்குத் தேறுமா தேறாதா. டிபன் டப்பாக்கள் திறந்திருக்கும். வாய்கள் அதைவிட.

மும்தாஜ் டீச்சர் வாங்கிய காய் நறுக்கும் மிஷின் வெங்காயத்தோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டது. பூங்கோதை டீச்சர் ஆர்டர் போட்ட குத்துவிளக்கு சுண்டுவிரல் உயரத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது.

"கொசுவுக்குக் கல்யாணம் வெச்சா ஏத்தலாம்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

அறையே சிரித்தது. ஜெசிந்தாவின் வாய்க்கு எதுவும் தப்பாது. அவள் பயந்ததும் அந்த வாய்க்குத்தான்.

"நீங்க என்ன டீச்சர் வாங்கினீங்க?"



அவள் வாங்கியது அவள் மேல்தான் இருந்தது. ரவிக்கைக்குள். இடப்பக்கம்.

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தாள். கர்ப்பப்பை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மார்பு என்றால் எல்லோருடைய கண்ணும் அங்கேயே வந்து நிற்கும்.

சேலையில் இடப்பக்கம்தான் வெளியே தெரிகிற பக்கம். ஆபரேஷனில் எடுத்ததும் அந்தப் பக்கத்தையே. பாழாய்ப்போன நோய், பார்த்துத்தான் வந்திருக்கிறது.

வேலைக்குத் திரும்பியதிலிருந்து சுவரோர நாற்காலிதான். இடப்பக்கத்தைச் சுவர் மறைத்துக்கொள்ளும். ஊக்குக் குத்திக் குத்தி முந்தானையெல்லாம் பொத்தல். கைக்குட்டைகளை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தாள். பாடம் நடத்துகையில் அவை கழுத்தை நோக்கி ஏறி வந்தன.

பிறகுதான் போனில் தேடினாள்.

முதலில் வந்தது வலப்பக்கத்துக்கானது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, எது இடம் எது வலம் என்று பார்த்துப் பார்த்து ஆர்டர் போட்ட லட்சணம்! திருப்பி வாங்க வந்த கூரியர்காரர் வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்தார். அதை உள்ளங்கையில் ஏந்தி நாலு பக்கமும் போட்டோ பிடித்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

அவளுக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது.

பின்னால் நின்ற கணவர், "வெளிச்சத்துல வெச்சு நல்லா எடுங்க தம்பி" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த மனுஷனைக் கொடுத்ததற்குக் கடவுளை எத்தனை கும்பிட்டாலும் தகும்.

இரண்டாவது சரியாக வந்தது. சிலிக்கான். கையில் எடுத்தால் நல்ல கனம்.

இன்று காலையில் முதல்முறையாகப் போட்டுக்கொண்டாள். இத்தனை மாதமாகத் தூக்கிக்கொண்டிருந்த தோள், தானாக இறங்கி மட்டத்துக்கு வந்தது.

வாங்கலாமா வேண்டாமா என்று தவித்த நாளில், அந்தப் பொருளுக்கு அடியில் யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். 'போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே போனேன். நகரவில்லை. பயப்படாமல் வாங்குங்கள்.'

பேர் இல்லை. ஊர் இல்லை.

அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். காலையில் விளக்கேற்றியபோது அவளுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

இப்போது நடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் நடுவில்.

"என்ன டீச்சர், வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?"

"இந்தச் சேலைதான்" என்றாள்.

பொய் இல்லை. சேலையும் அதே வாரம் வாங்கியதுதான்.

மும்தாஜ் டீச்சர் முந்தானை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சூப்பரா இருக்கு. உங்களுக்கு எடுப்பா இருக்கு டீச்சர். தேறும், தேறும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் சேலையைத்தான் பார்த்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

ஜெசிந்தா டீச்சர் மட்டும் தன் டப்பாவை மூடினார்.

டப்பா கழுவக் குழாயடிக்குப் போனாள். பின்னாலேயே ஜெசிந்தா வந்தார். பக்கத்துக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"முன்னாடியெல்லாம் இடது தோளத் தூக்கிட்டே நடப்பீங்க. இன்னிக்கு நேரா நடக்கிறீங்க. சேலை கிடக்கட்டும் டீச்சர். எனக்கு அந்த இன்னொண்ணோட லிங்க்கை அனுப்புங்க."

கழுவிய கை நின்றுவிட்டது.

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறது. ஊரையே கிண்டல் செய்கிற அந்த வாய், இதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"யாருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். வர்ற புதன்கிழமை ஆபரேஷன்."

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"பக்கத்துல பாத்தாக்கூட நெசம் மாதிரி இருக்குமா?"

என்ன சொன்னாலும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. ஜெசிந்தாவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்து, தன் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அமுக்கிப் பாருங்க."

அந்தக் கை முதலில் பட்டும் படாமலும் இருந்தது. பிறகு அமுக்கிப் பார்த்தது. பிறகு எடுக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தது.

அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு. உள்ளே நுழைந்தபோது புதுச்சேலையின் மேல் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

அவள் முந்தானையை இழுத்துவிடவில்லை.