காலைத் தட்டல்கள்

"எல்லாரும் அஞ்சாவது விநாடியிலேயே தாண்டிப் போயிடறாங்க சார். இவங்க மட்டும் உங்க குறட்டை வரைக்கும் உட்கார்ந்து பார்க்கறாங்க."

சொன்னவள் விளம்பரம் போட்டுத் தருகிற பெண். மாடியில் ஒற்றை அறை, ஒரு மேஜை, இரண்டு கணினி. ஏழெட்டுச் சின்னக் கடைகளின் இணைய விளம்பரத்தைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. வாய்க்கு வாய் 'கிளிக்' என்பதால், தலையணைக்காரரின் மனைவி அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கிளிக்கம்மா.

தலையணைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெருவில் கடை கிடையாது. படுக்கையறைதான் கிடங்கு, போன்தான் கல்லா. யாராவது இணையத்தில் தலையணை தேடும்போது விளம்பரம் கண்ணில் பட்டால்தான் வியாபாரம். படாவிட்டால், ஈ ஓட்டக்கூட ஒரு கடை இல்லை.

குறட்டை அவருடையதேதான். கழுத்துத் தலையணையில் படுத்துத் தூங்குவது போல் நடிக்கப் போனவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். மனைவி எடுப்பதை நிறுத்தவில்லை. அதுவே வீடியோ விளம்பரமாகிவிட்டது.

கிளிக்கம்மா விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டாள். விளம்பரத்தை யார் தட்டினாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒவ்வொரு தட்டலுக்கும் தலையணைக்காரர் காசு கட்ட வேண்டும். கொஞ்ச நாளாக, ஜனங்கள் எழுந்து தேட ஆரம்பிக்கும் முன்பே அன்றைக்கென்று ஒதுக்கிய காசு மொத்தமும் கரைந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க விளம்பரம் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. ஆர்டர் வறண்டுபோனதற்கு அதுதான் காரணம்.

இயந்திரம் தட்டினால் விளம்பரக் கம்பெனிக்காரர்களே கண்டுபிடித்துக் கழித்துவிடுவார்களாம். இது மனுஷக் கை. நிதானமாகத் தட்டுகிறது. ஒவ்வொரு தலையணையாகப் பார்க்கிறது. ஒன்றையும் வாங்காமல் போய்விட்டுத் திரும்பவும் வருகிறது. நாலைந்து போன்கள், முறை போட்டுக்கொண்ட மாதிரி. எல்லாமே ஒரே பகுதியிலிருந்து.

அவள் பகுதியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அது கடைத்தெரு. அங்கேதான் அக்காவின் மெத்தைக் கடை.

அந்தக் கடையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பஞ்சு அடைத்தவர் அவர். இணையத்தில் விற்கப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னபோது, வந்திருந்த வாடிக்கையாளர்கள் எதிரிலேயே அக்கா கேட்டாள், தொட்டுப் பார்க்காமல் தலையணை வாங்குகிறவன் எவன்டா என்று. கடையே சிரித்தது. அன்றைக்குப் படியிறங்கியவர்தான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்தால் இவர் கடைசி வரிசையைத் தேடிப் போவார்.

இந்த மாதமும் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். படுக்கையறையில் கிடப்பதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு எங்கேயாவது வேலைக்குப் போக வேண்டும். அதைப் பார்க்காமல் அக்கா ஓயமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தெரிந்தவர்களா என்று கிளிக்கம்மா கேட்டாள்.

தெரியாது என்றார்.

அப்படியானால் அந்தப் பகுதியையே ஒதுக்கிவிடலாம், அங்கே இருக்கிறவர்கள் எவ்வளவு தேடினாலும் நம் விளம்பரம் வராது என்றாள்.

ஒதுக்கிவிடச் சொன்னார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஆர்டர் விழுந்தது. முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்கிற தலையணை, ஒரு ஜோடி. பின்னாலேயே இன்னொன்று. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அட்டைப்பெட்டியை மடித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட பாட்டு.

அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல் பிடுங்கிய இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி, மனசு கடைத்தெருவுக்கே போய்ப் போய் வந்தது.

போன் அடித்தது.

அக்கா.

மனைவியின் பாட்டு நின்றது. அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சௌக்கியமா என்றுகூட அக்கா கேட்கவில்லை. நேற்று மாலை பேசி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் போல ஆரம்பித்தாள்.

"டேய், உன் கடையைக் காணோமேடா. தேடித் தேடிப் பார்க்கறேன், எவனெவன் கடையோ வருது. மூடிட்டியா?"

நீ எதற்குத் தேடினாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார்.

"தட்டுக்குத் தட்டு காசாமேடா. அதான் தினமும் இங்க ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி, உன் கடைக்கு என் கையால போணி. இந்தத் தையல்காரங்களையும் ஆளுக்கு நாலு தட்டு தட்டச் சொல்லுவேன், உனக்கு நாலு காசு சேரட்டும்னு. இன்னிக்கு நான் எங்க போய்த் தட்டறது?"

அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தக் காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

எதிரே மனைவி முதல் பெட்டிக்கு டேப் ஒட்டி, முகவரியும் ஒட்டி முடித்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூடலக்கா. நீ வராம எப்படித் திறக்கறதுன்னு உட்கார்ந்திருக்கேன். இதோ, இப்பத் திறந்துடறேன். ஆனா ஒரு தட்டு போதும்க்கா. போணின்னா ஒண்ணுதானே."