பூஜ்யம் பிடித்து வைத்த இடம்

மைனஸிலிருந்து மைனஸைக் கழிக்கவே திணறும் ஒரு பென்சிலிடம், எக்ஸ் கியூப் மைனஸ் ஒன்றை எக்ஸ் மைனஸ் ஒன்றால் வகுக்கும் நீள வகுத்தல் வந்து சேர்ந்தது. போட்டுப் போட்டு அழித்ததில் ரப்பர் மிளகளவாகத் தேய்ந்துவிட்டது.

"அக்கா, இன்னொரு தப்பு பண்ணினா நான் இருக்கவே மாட்டேன்" என்றது ரப்பர்.

பென்சில் கணக்கின் முதல் வரியைத் தொட்டுக் காட்டியது. "கியூபுக்கு அடுத்து ஸ்கொயரும் இல்லை, எக்ஸும் இல்லையேடி. அங்கேதான் வரிசை கலைஞ்சுபோகுது."

"பஸ்ஸில துண்டு போட்டு சீட் பிடிப்பாங்களே, அப்படி ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பூஜ்யத்தைப் போட்டு வை."

பென்சில் போட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறியை மாற்றி மாற்றிக் கழித்தபடி படிப்படியாக இறங்கியது. கடைசிக் கோட்டுக்குக் கீழே மீதி எதுவும் இல்லை.

மிளகளவு ரப்பர் அப்படியே இருந்தது. அது மெல்ல அண்ணாந்து, மேலே இருந்த விடையைப் படித்தது: எக்ஸ் ஸ்கொயர், ப்ளஸ் எக்ஸ், ப்ளஸ் ஒன்று.

"அக்கா," என்றது, "இல்லவே இல்லைன்னியே, ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்திருக்காங்க."