விழ மட்டும் கற்றவன்

ஜூடோ சாம்பியனாக இருந்து பயிற்சியாளரான வைதேகியிடம், சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தூக்கிப் போடுறதெல்லாம் வேணாம் கோச். அடிபடாம விழ மட்டும் கத்துக்கொடுங்க," என்றான் சுரேந்தர்.

"உன்னை யாரு தம்பி தூக்கிப் போடப் போறாங்க?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்குத்தான் லா."

வைதேகிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், பையன் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. விழுந்து விழுந்து எழுந்தான். அவளுக்கே அவன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

கடைசி வகுப்பன்று அவனாகவே மெத்தையின் நடுவில் வந்து நின்றான்.

"இனிமே தைரியமாச் சொல்லலாம். உங்க பொண்ணு ரக்ஷனாவும் நானும் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறோம், அத்தை."

அடுத்த நொடி வைதேகியின் தோளுக்கு மேலே பறந்து மெத்தையில் விழுந்தான். ஒரு கீறல் இல்லை.

மூச்சு வாங்க அவனையே பார்த்த வைதேகி கை நீட்டினாள்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. வகுப்பை மட்டும் நிறுத்திடாதீங்க. கோபம் வந்தா ரக்ஷனா என்னைவிட உயரமாத் தூக்கிப் போடுவா."