அறுபது காட்டிய மீட்டர்

"நாளைக்கு ரேஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. இந்த ஸ்பீட் மீட்டர் இன்னும் பொய்தான் சொல்லுது!" கவிழ்த்து வைத்த சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து டினேஷ் கத்தினான்.

அவன் மனைவி ஜெனுஷா சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டரிய மாத்திப் பாருங்களேன்."

"மாத்தியாச்சு. வயரும் மாத்தியாச்சு. நோர்வூட் இறக்கத்துல அறுபதுன்னு காட்டுது. பயந்து பிரேக் பிடிச்சா, சின்னப் பயலுக எல்லாம் சிரிச்சிக்கிட்டே தாண்டிப் போறானுங்க. நாளைக்கும் இப்படின்னா என்னைக் கழிச்சிருவாங்க."

முன்சக்கரத்தைத் தடவிக்கொண்டே வந்த அவன் விரல் சட்டென்று நின்றது. வேகத்தைக் கணக்கிடச் சக்கரக் கம்பியில் ஒரு காந்தம்தான் இருக்க வேண்டும். இங்கே கறுப்பு டேப்புக்குள் இன்னொன்று இருந்தது. பிரித்தான். வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாதா படக் காந்தம்!

"நான்தாங்க வச்சேன். போன வருசம் அந்த இறக்கத்துலதானே விழுந்து கையை ஒடிச்சிக்கிட்டீங்க. மாதா துணையிருக்கட்டும்னுதான்..."

டினேஷ் சிரித்துவிட்டான். "அடி லூசு! ரெண்டு காந்தம் இருந்தா வேகத்தை ரெண்டு மடங்காக் காட்டும். நீயெல்லாம் ஒரு சயன்ஸ் டீச்சரா?"

ஜெனுஷா சிரிக்கவில்லை.

"டீச்சர்ங்கிறதாலதான் நேர் எதிர்க் கம்பியாப் பார்த்து வச்சேன். முப்பதுல போறப்பவே அறுபதுன்னு காட்டினாத்தானே நீங்க பிரேக் பிடிப்பீங்க?"