தலையணை உறையில் பிழிந்த பீர்

தலையணை உறையிலிருந்து பழுப்பாக ஏதோ பானைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ராடிம் அதை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்தான். அவன் மனைவி இவெடா ஒரு நொடி பார்த்தாள். கையிலிருந்த, அவன் போன முறை காய்ச்சிய பீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

ஓடின சத்தமும் அதற்கப்புறம் வந்த சத்தமும் ஏழு மாடிக்கும் கேட்டன. செக் நாட்டில் எங்கள் ஒலோமோட்ஸ் நகர அடுக்ககத்தில் எல்லாக் குளியலறைக்கும் ஒரே காற்றுக்குழாய். மூன்றாம் மாடியில் இருமினால் ஆறாம் மாடியில் மருந்து சொல்வார்கள்.

நாற்றத்துக்கும் அதே வழிதான். ராடிம் பீர் காய்ச்சும் சனிக்கிழமைகளில், ஈரக் கம்பளியைக் கஞ்சியில் போட்டு வேகவைப்பது போல் ஒரு வீச்சம் வரும். முளைகட்டிய பார்லியைத் தலையணை உறையில் கட்டி வெந்நீரில் ஊறப்போடுவான். அந்தச் சாறு போதாது என்று டப்பாவிலிருந்து தார் போன்ற மால்ட் என்ற முளைதானியப் பாகையும் ஊற்றி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிடுவான்.

ஆறியதும் அதை மூடிபோட்ட பெரிய வாளியில் ஊற்றிக் குளியல் தொட்டிக்குள் வைப்பான். வாரக்கணக்கில் அது அங்கேயே உட்கார்ந்து புளித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். அதுவரை அந்த வீட்டில் யார் எங்கே குளிக்கிறார்கள், அந்த உறையில் முன்பு யார் தலை வைத்துப் படுத்தார்கள் என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பது? எங்கள் ஊரில் ஒருவனுடைய மூக்கு கோணல் என்று சொல்லலாம், அவன் பீர் கோணல் என்று சொல்லக்கூடாது. நீட்டிய கோப்பையைத் தள்ளவும் கூடாது. மூன்று பேருக்குத்தான் விலக்கு: வண்டி ஓட்டுகிறவர், மாத்திரை சாப்பிடுகிறவர், மாசமாக இருக்கிறவள்.

ராடிமின் அம்மா போஹுமிலாவுக்கு விலக்கே தேவைப்பட்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் வருவாள். மகன் நீட்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்குடா" என்பாள். பெற்ற பாசம் என்றால் அதுதான்.

அன்றைக்கும் குடித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், இப்பத்தான் பல்லைப் பிடுங்கிட்டு மாத்திரையை நிறுத்தினா. அதுக்குள்ள வயிறு" என்றான் ராடிம்.

"காலையிலயும் இப்படித்தானாடா?"

"காலையில அடுப்பைப் பத்த வச்சதும் ஒரு தடவை ஓடினா. நேத்து பாகு டப்பாவைத் திறந்தேன், ஜன்னல்ல போய்த் தலையை நீட்டிக்கிட்டா."

"வாசனை ஆகலை, அப்படித்தானே?"

"ஆமா. எதுக்கு அப்படிப் பாக்குற?"

"மடையா, இதுகூடத் தெரியாம ரெண்டு கையாலயும் துணி பிழிஞ்சுட்டு இருக்கே. நான் பாட்டியாகப் போறேன்டா."

ஐந்து வருஷமாகப் பேரக்குழந்தை வேண்டி போஹுமிலா மெழுகுவர்த்தி ஏற்றாத தேவாலயம் எங்கள் மொராவியா வட்டாரத்தில் மிச்சமில்லை. இப்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ராடிம் கையிலிருந்த உறை பானைக்குள் தொப்பென்று விழுந்து சுவரெல்லாம் தெறித்தது.

வெளிறிய முகத்தோடு வெளியே வந்த இவெடாவைப் பிசுபிசுத்த கைகளோடு அப்படியே கட்டிக்கொண்டான். "அம்மா சொல்றது நிஜமா?"

இவெடா அவன் முகத்தைப் பார்த்தாள். மேசைமேல் பாதி மீந்திருந்த கோப்பையைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெக்கத்தைப் பாரு" என்று போஹுமிலா அந்தக் கோப்பையை எடுத்து அப்பால் வைத்தாள். "இனிமே நீ இதைத் தொடவே கூடாது, தெரியுதா?"

"சரி அத்தை."

கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட அவள் இவ்வளவு வேகமாகச் சரி சொல்லவில்லை.

ராடிம் பால்கனிக்கு ஓடினான். "நான் அப்பனாகப் போறேன். பிள்ளை பொறந்த அன்னிக்குக் கட்டடம் முழுக்க என் பீர்தான். ஒருத்தர் பாக்கி இல்லாம வந்து குடிக்கணும்" என்று கத்தினான். ஏழு மாடியிலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவன் அதைக் கவனிக்காமல், இன்னும் நாலு டப்பா பாகு வாங்கக் கீழே இறங்கிப் போனான்.

மாமியார் மருமகளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். "டாக்டர் எப்ப வரச் சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

தொட்டியில் வாளி ஒரு ஏப்பம் விட்டது.

"அத்தை, நான் மாசமா இல்லை."

கட்டடமே காற்றுக்குழாயடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பின்ன, அந்த வாந்தி?"

"அவர் பீர்தான் அத்தை. வாயில வைக்க முடியல. அப்படிச் சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு. வண்டி ஓட்டணும்னு சொல்லிப் பாத்தேன், காரை வித்துட்டாரு. பல்வலி மாத்திரைன்னேன், கையோட கூட்டிட்டுப் போய் நல்ல பல்லைப் பிடுங்க வச்சுட்டாரு. இன்னைக்கு நீங்களா ஒண்ணு சொன்னீங்க, நான் வாயைத் திறக்கல. தப்புதான். நீங்க எவ்வளவு ஆசையா இருந்தீங்கன்னு தெரியும். அவர் வந்ததும் உண்மையைச் சொல்லிடறேன்."

குளியலறைத் தாழ்ப்பாள் விழுவது கேட்டது.

"சொல்லித் தொலைக்காதே. உனக்காவது ஒரு சாக்கு கிடைச்சுது, இந்த வயசுல நான் என்னத்தைடி சொல்றது?"