முனியாயிக்குப் பதிலாக

“முனியாயி அக்கா, தோள இறுக்கிப் பிடிக்காதீங்க. மூச்ச மட்டும் கவனிங்க.”

கண்ணை மூடியிருந்த தேவமலர் தோளைத் தளர்த்தினாள். ஐந்து வாரமாக இந்த வகுப்பில் அவள்தான் முனியாயி. வெளியிலிருந்து வந்து தியானம் சொல்லித்தரும் நஜ்வா, வருகைத் தாளில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். திருத்தப் போனால் ஏன் ஆள் மாறியது என்ற கதையைச் சொல்ல வேண்டிவரும். தேவமலர் அப்படியே விட்டுவிட்டாள்.

குருபோங்கில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பி இரண்டு மாதமாகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். இருபது பேருக்கு மன அழுத்தம் குறைக்கும் தியான வகுப்பு, வாரம் ஒரு நாள், அதுவும் வேலை நேரத்திலேயே.

தேவமலர் மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்தாள். அவள் பெயர் இல்லை. பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் முனியாயியின் பெயர் இருந்தது.

தேவமலர் லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். பெயர் வந்தவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. வராதவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்த நினைப்பு அவள் மண்டையை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு எந்த முதலாளியாவது ஆள் வைத்துப் பாடம் நடத்துவானா?

இந்த வேலை போனால் அவள் கதி அதோகதிதான். கணவன் கணேஸ்வரன் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. நாற்பத்தேழு வயதுக்காரியை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அன்றைக்கே முனியாயியிடம் போனாள். நெஞ்சு படபடக்கிறது, டாக்டர் டென்ஷன் என்கிறார், அந்த வகுப்பை எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினாள். பட்டியலைப் பற்றித் தன் மனத்தில் ஓடியதை மட்டும் மூச்சுவிடவில்லை. சூதுவாது தெரியாத முனியாயி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“நீயே போ மலரு. எனக்கு மூச்சு தன்னால வந்து போவுதுலா, அதுக்குப் போயி ஒரு கிளாஸா.”

ஆள் மாறினால் மாறட்டும் என்று சூப்பர்வைசரும் தலையாட்டிவிட்டார். இடம் கிடைத்ததே தவிர நிம்மதி கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் மூச்சு எங்கே தெரிகிறது, முனியாயிதான் தெரிந்தாள். புருஷனை இழந்து ஒண்டியாக நிற்கிற மனுஷி, அவள் வேலையைத் தட்டிப் பறித்துக்கொண்டு இங்கே ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற நினைப்பு ஓடியது. எண்ணங்களை விரட்டாதீர்கள், வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பாள் நஜ்வா. வந்தது எதுவும் போவதாக இல்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் முனியாயி எப்போதும்போல் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பாள். இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆசையாகக் கேட்பாள். தலைவலி என்று சொல்லித் தேவமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன வாரம் நஜ்வா புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தாள். அலாரம் அடிக்காமல் விடிகிற ஒரு திங்கட்கிழமையை மனத்தில் பார்க்க வேண்டும்; அவசரம் இல்லை, பிடிக்க வேண்டிய பஸ்ஸும் இல்லை. எல்லோரும் லீவு நாளை நினைத்துச் சிரித்தார்கள்.

இன்று கடைசி வகுப்பு. முடிகிற நேரத்தில் மனிதவள அதிகாரி புவனேஸ்வரன் கை நிறைய கவர்களோடு உள்ளே வந்தார். சான்றிதழ்தான் என்று ஆளுக்கு ஆள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். மூன்று முறை மூச்சை இழுத்து விட்டுவிட்டுக் கவரைப் பிரியுங்கள் என்றாள் நஜ்வா. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிரித்தார்கள். முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள். தேவமலர் கையிலிருந்த கடிதம், முனியாயியின் இருபத்திரண்டு வருடச் சேவைக்கு நன்றி சொல்லிவிட்டு, மாதக் கடைசியோடு வேலை முடிகிறது என்றது. மனசு தாங்கட்டும் என்றுதான் முன்கூட்டியே இந்த வகுப்பை வைத்தோம் என்று புவனேஸ்வரன் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

வலியப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டோமா என்று தேவமலர் பதறி எழுந்தாள்.

“சார், நான் முனியாயி இல்ல, தேவமலரு. அவங்களுக்குப் பதிலா வந்தேன். எனக்கும் லெட்டர் இருக்கா?”

அவர் கையிலிருந்த தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“ஆள் மாத்துனது கிளாஸுக்கு மட்டும்தான்கா. ஒங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல.”

ஐந்து வாரமாக வராத மூச்சு அப்போது நெஞ்சு நிறைய வந்தது. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. முனியாயி மனசைத் தேற்றிக்கொள்ளக் கிடைத்த ஐந்து வாரத்தையும் தானல்லவா பிடுங்கித் தின்றோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கடிதத்தை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

புவனேஸ்வரன் அதை வாங்கி, பழையபடி கவருக்குள் மடித்து வைத்தார்.

“போயி முனியாயி அக்காவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”